புதுப்பிப்பு: பழைய பைப்பைச் செய்தவர் யாரென்று தெரிந்துவிட்டது

வெள்ளிப் பூண் போட்ட, பிரையர் என்ற கெட்டியான மரத்தில் செய்த புகைக்கும் பைப் ஒன்றின் படத்தைப் போட்டு, முத்திரை தேய்ந்திருக்கிறது, செய்தவர் யார் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பாலிஷ் போடாமல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுக்கச் சொன்ன யோசனைதான். பாலிஷ் போட்டிருந்தால் மிச்சமிருந்த எழுத்தும் போயிருக்கும். அந்த நிழலில் 'இ.பி.' என்றும், அதன் கீழே 'டபிள்யூ.பி.' என்றும் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. எட்வர்ட் பார்லிங், வில்லியம் பார்லிங் இருவரின் குறி அது. பெஞ்சமின் பார்லிங் 1812இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். அடிப்படையில் வெள்ளி வேலைக்காரர்கள்.

பக்கத்தில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தது, அதாவது 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தைத் தலை, வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் லண்டன் சோதனைச் சாலையைக் குறிக்கும். முத்திரை குத்திய ஆண்டைக் காட்டும் எழுத்து சிறிய 'எம்'. லண்டன் அட்டவணையில் அது 1907-08. எழுத்தின் வடிவத்தையும் சேர்த்தே பாருங்கள். எழுத்துகள் தீர்ந்ததும் வேறு வடிவத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், அதனால் ஒரே எழுத்து வேறு சுற்றில் வேறு ஆண்டாகிவிடும்.

ஒருவர் எச்சரித்திருந்தார்: விரிசலை மறைக்கப் பின்னாளில் பூண் போடுவதும் உண்டு, வெள்ளி முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்று. மிக நியாயமான சந்தேகம். சரி என்று ஈரத்துணியால் மரத்தைத் துடைத்தேன். எதிர்பார்க்கவே இல்லை, அழுக்குக்கு அடியில் மரத்திலும் அதே நான்கு எழுத்துகள்! அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை. பார்லிங் பைப்தான்.