மறு: மறு: ரிகர்ஷனுக்குச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

நிரலாக்கப் பாடநூலில் இருமத் தேடல் மரம் (ஒவ்வோர் எண்ணின் கீழும் சிறியவை இடக்கிளையில், பெரியவை வலக்கிளையில்) பற்றிய அத்தியாயத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ரிகர்ஷன் (recursion). ஒரு செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், வேலைக்கு நடுவே தன்னையே கூப்பிட்டுக்கொள்வது. முந்தைய அத்தியாயத்தை எழுதியவர் 'மறுசுழற்சி' என்று போட்டிருக்கிறார். படித்தால் குப்பைத்தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

-----

இதில் என்ன சிக்கல்? தன் + அழைப்பு = தன்னழைப்பு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். பார்த்ததும் புரியும், புணர்ச்சியும் சரி.

-----

'அழைப்பு' ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. நம்மிடம் அந்தாதி இருக்கிறதே! ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேர்வதற்கு 'மண்டலித்தல்' என்று தனிப்பெயரே உண்டு. 'அந்தாதிச் செயற்கூறு' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகு!

-----

ஐயா, அழகுதான். ஆனால் அந்தம், ஆதி இரண்டுமே வடசொல். சென்ற மாதம் 'கணினி' போதுமான தூய தமிழா என்று எங்களைப் போட்டு வறுத்தெடுத்தவர் நீங்கள்.

அதை விடுங்கள். பொருளும் ஒட்டவில்லை. 50, 30, 70, 60, 80 என்று சேர்த்த மரத்தில் 50-ஐ நீக்கிப் பாருங்கள். அதற்கு இரண்டு பிள்ளைகள். ஆகவே வலக்கிளையில் மிகச் சிறியதான 60-ஐ 50-இன் இடத்தில் எழுதிவிட்டு, 'வலக்கிளையில் 60-ஐ நீக்கு' என்று செயற்கூறு தன்னையே கூப்பிடுகிறது. இரண்டாம் அழைப்பு 70-இல் நின்று இடப்பக்கம் மறுபடி கூப்பிடுகிறது. மூன்றாவது 60-ஐக் கண்டு 'வெறுமை' என்று திருப்பித் தரும்வரை மேலே இரண்டும் பாதியில் காத்துக்கிடக்கின்றன. அந்தாதியில் எந்தப் பாட்டு காத்துக்கிடக்கிறது? ஒன்று முடிந்துதானே அடுத்தது? அது வெறும் மடக்கு (லூப்). மண்டலித்துவிட்டாலோ நிரல் நிற்கவே நிற்காது.

-----

காத்துக்கிடக்கும் அழைப்புகள் அடுக்கில் (ஸ்டாக்) ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே ஏறுகின்றன? ஒரே சொல் அடுக்கி வரும் அடுக்குத்தொடருக்கு நன்னூல் நான்கோடு எல்லை கட்டிவிட்டது. பைத்தான் நிரல்மொழி தாராளம், இயல்பாக அழைப்புகளை 1000 வரை அடுக்க விடும். 1 முதல் 2000 வரை ஏறுவரிசையில், தன்னையே கூப்பிடும் செயற்கூறால் சேர்த்துப் பாருங்கள். மரம் வலப்பக்கமே நீண்டு, பாதி வழியில் பிழை காட்டிவிடும்.

அப்புறம், 'இரும மரம்' எனக்கு உறுத்துகிறது. இருமம் எண்முறைக்கு உரியது. இங்கே இருப்பது கவை, இரண்டாகப் பிரியும் கிளை. சங்கப்பாட்டில் இரட்டைப்பிள்ளை 'கவைமக'. 'கவைத் தேடல் மரம்' எப்படி?

-----

கவைக்கு உதவாது என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

வகுப்பில் நான் 'தன்னழைப்பு' சொல்லிப் பார்த்திருக்கிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் நாளே ஒரு பெண் மடக்கினாள். 'மரம் என்பது வெறுமை. இல்லையேல் ஒரு கணுவும், அதன் இடம் வலமாக இரு மரங்களும்' என்று கரும்பலகையில் எழுதினேன். "டீச்சர், இதில் யார் யாரை அழைக்கிறார்கள்?" என்றாள். பதில் இல்லை. இந்த வரையறை அப்படி இருப்பதால்தான் செயற்கூறும் அப்படி அமைகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம் சொல் செயற்கூறோடு நின்றுபோகிறது.

-----

அப்படியானால் 'தன்னுட்கோள்'. தன்னுள் தன்னைக் கொள்வது. வரையறைக்கும் பொருந்தும், செயற்கூறுக்கும் பொருந்தும்.

-----

கோள் என்றால் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள், அம்மா. இல்லையேல் கோள் சொன்னது யார் என்று கேட்பார்கள்.

-----

எல்லோருக்கும் நன்றி. அறுபத்து மூன்று மடல்கள் ஆகிவிட்டன. எண்ணிப் பார்த்ததில் தன்னழைப்புக்குத்தான் ஆள் அதிகம், அதையே போட்டு அனுப்பிவிட்டேன். மரத்தின் வரையறைக்கு மட்டும் 'தன்னைக்கொண்டே தன்னைச் சொல்லும் வரையறை' என்று நீட்டி எழுதியிருக்கிறேன். சொல்லடைவில் அதை எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

-----

எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த அத்தியாயம் ஹீப் (heap) என்ற இன்னொரு மர அமைப்பு என்று நினைக்கிறேன். 'குவியல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.