பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்ப்பில் விழும் குழிகள்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். குளச்சல் அருகே வசிக்கும் நான், கிறிஸ்துமஸ் குடிலுக்கான சிறு பீடங்களைத் தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணங்களில் வார்த்து வருகிறேன். எடையில் 10 பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவுக்கு 7 பங்கு தண்ணீர் எடுத்து, தண்ணீரின் மேல் மாவைத் தூவி, அது தானாக நனைந்து அமிழ்ந்த பின்னரே மெல்லக் கலக்கி, கிண்ணத்தின் ஓரமாக ஊற்றுகிறேன். ஆயினும், கவிழ்த்து எடுத்ததும் மேலே தெரியும் முகத்தில் கடுகளவு குழிகள் காணப்படுகின்றன. பீடத்தின் அழகே அந்த வழவழப்பான முகத்தில்தான் இருக்கிறது.

எங்கள் கிணற்று நீர் சற்றே உப்புக் கரிக்கும். உப்பு இறுகலை விரைவுபடுத்தும் என்பதால், குமிழிகள் மேலெழப் போதிய நேரம் கிடைப்பதில்லையோ என்று ஐயுறுகிறேன். எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்த்து இறுகலைத் தாமதப்படுத்தினால் வார்ப்பின் உறுதி எந்த அளவுக்குக் குறையும்? ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தின் உட்புறம் தூரிகையால் கலவையை மெல்லியதாகப் பூசுவது பலன் தருமா? அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்க வேண்டுகிறேன்.