பொருள்: தாடி வைத்த ஐரிஸ் பூவுக்குத் தமிழில் என்ன?

மூணாறு ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு மகரந்தச் சேர்க்கை பற்றி ஒரு படத்தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். படத்தில் இருப்பது இமயமலையில் குமாவுன் பக்கம் தானாக வளரும் குட்டை ஐரிஸ். மூன்று இதழ் நிமிர்ந்திருக்கும், மூன்று மடங்கித் தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் வரிசையாக மயிர். அதன் வழியே தேனீ உள்ளே நுழையும்போது முதுகில் மகரந்தம் ஒட்டும். ஆங்கிலத்தில் அந்த மயிரைத் தாடி என்றே சொல்கிறார்கள். நாம்? படத்தைப் பார்த்த ஒரு பையன், "டீச்சர், பூவுல கம்பளிப்பூச்சி" என்றான்.

சித்தூர்ப் புலவர் (பாலக்காடு):
அம்மா, சொல் கைவசம் இருக்கிறது: அணல். தாடை, தாடி இரண்டுக்கும் பெயர். புறநானூறு 83இல் 'மையணல் காளை' வருகிறதே. ஐரிஸ் என்றால் கிரேக்கத்தில் வானவில். வானவில்லுக்குத் திருவில் என்றும் பெயருண்டு. ஆக, 'அணற்றிருவில்'.

தேவிகுளம்:
சொல்லிப் பார்த்தேன் ஐயா, தாடை வலிக்கிறது. அதுவும் போக, இங்கே எஸ்டேட் பிள்ளைகளுக்கு அணலி என்றால் விரியன் பாம்பு. மலையாளத்தில் அப்படித்தான். மீதிப் பேர் பரீட்சையில் 'அனல்' என்று எழுதி வைப்பார்கள்.

புலவர்:
தாடை அகன்ற பாம்பு என்பதால்தான் அணலி என்று நினைக்கிறேன். பார்த்தீர்களா, மலையாளி காப்பாற்றி வைத்திருக்கிறான்!

குமுளி:
வானவில்லே வேண்டாம். கண்ணிலும் ஒரு ஐரிஸ் இருக்கிறது, குழம்பும். (மழவில்லு என்கிறார்கள் இங்கே. மழைவில் நம் சொல்தான், நாம்தான் அதை விட்டுவிட்டு வானத்துக்குப் போய்விட்டோம். சரி, அது வேறு கதை.) எதை வைத்தாலும் கிரந்தம் வேண்டாம். 'ஐரிசு' என்று எழுதுங்கள்.

தேவிகுளம்:
பஸ்ஸையும் பசு என்று எழுதுங்கள், டிப்போவில் பால் கறக்கலாம்.

மூணாறு ஆசிரியை:
அச்சகத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'தாடி ஐரிஸ்' என்று கொடுத்துவிட்டேன், அந்த மயிருக்கு 'இதழ்த்தாடி'. மலையாளத்திலும் தாடி தாடிதான், பக்கத்து வகுப்புக்கும் புரியும். எல்லோருக்கும் நன்றி.

குமுளி:
ஸ் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

புலவர்:
என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். தாடி தாடையில் முளைப்பது. இந்தப் பூவுக்குத் தாடை எங்கே இருக்கிறது?

தேவிகுளம்:
அணலுக்கும் அதே தாடைதானே ஐயா? முதல் மடலில் நீங்களே சொன்னீர்கள்.