தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வருகிறீர்களா? ஊரிலிருந்து கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

பாங்காக் பக்கம் பள்ளி வேலை தேடி வரும் நம் ஆட்கள் பலரும் "முதலில் வந்து இறங்கிவிடுகிறேன், பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். தேவையான பேப்பரில் பாதி, ஊரில் இருக்கும்போதுதான் சுலபமாகக் கிடைக்கும். இங்கே வந்த பிறகு அதற்காக வயதான அப்பாவைப் பல்கலைக்கழகத்துக்கும் நோட்டரிக்கும் அலைய விட வேண்டியிருக்கும்.

விசா, ஒர்க் பெர்மிட், ஆசிரியர் உரிமம் மூன்றும் வேறு வேறு. வேலைக்கான 'நான்-இமிகிரன்ட் பி' விசாவைத் தாய்லாந்துத் தூதரகம் தரும்; முதலில் 90 நாள், பிறகு இமிகிரேஷனில் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கலாம். ஒர்க் பெர்மிட் தருவது தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறை. பள்ளியில் பாடம் நடத்தும் உரிமத்தைக் கொடுப்பது 'குருசபா' என்னும் ஆசிரியர் கவுன்சில். ஒன்று கையில் இருப்பதால் மற்றது இருப்பதாக ஆகாது.

"விசாதான் வந்துவிட்டதே, நாளைக்கே வகுப்புக்கு வாங்க, பெர்மிட் பின்னாடி வரும்" என்று சில பள்ளிகளும் ஏஜென்ட்களும் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குப் பெர்மிட் கேட்கவே முடியாது. பள்ளிக்கும் அபராதம் உண்டுதான். ஆனால் பள்ளி அடுத்த வாரமும் திறந்திருக்கும், பெட்டி கட்டுவது நீங்கள்தான்.

தகுதி என்று பார்த்தால், அடிப்படை ஒரு இளங்கலைப் பட்டம். ஆங்கில இலக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பி.காம்., பி.இ. படித்தவர்களும் வேலை செய்கிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சியான டெஃபலில் 120 மணி நேரச் சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்க உதவும், ஆனால் அது பட்டத்துக்கு ஈடாகாது. டிகிரி இல்லாமலே எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பி.எட். இருப்பவர்களுக்கு முழு உரிமத்துக்கான வழி மற்றவர்களைவிடச் சுலபம். மற்றவர்களுக்குப் பள்ளியே விண்ணப்பித்து இரண்டு ஆண்டுக்கான தற்காலிக அனுமதி வாங்கித் தரும். அது அந்தப் பள்ளிக்கு மட்டும்தான் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் தரவும் மாட்டார்கள்.

அப்புறம், மனதுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்திருந்தாலும், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை இங்கே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று கணக்கில் எடுப்பதில்லை. அதனால் டோயிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது கேட்பார்கள். இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் தேர்வை எழுதி மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நம்மவர்கள் அதிகமாக மாட்டுவது பெயரில்தான். டிகிரியில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'கவிதா சுப்பிரமணியன்' என்று இருக்கும். பிளஸ் டூ மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பின்னால் போய் 'கவிதா எஸ்' ஆகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுன்டரில் இருக்கும் தாய்லாந்து அதிகாரிக்கு மூன்று பேர். இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று அவரிடம் விளக்கிப் புரியவைப்பது பெரும்பாடு. எனவே மூன்று வடிவங்களையும் அப்படியே எழுதி, இவை எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு அஃபிடவிட்டை ஆங்கிலத்தில் நோட்டரியிடம் வாங்கி, டிகிரியோடு சேர்த்து வையுங்கள். பள்ளிக்கு அனுப்பும் விண்ணப்பத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

அட்டெஸ்டேஷனில், அதாவது சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு முத்திரை வாங்குவதில், கவனம் தேவை. ஒரே ஸ்டிக்கரை வைத்து ஆவணங்களை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருப்பதால், ஊர் ஏஜென்ட்கள் எல்லோருக்கும் அந்த ஸ்டிக்கரையே ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தாய்லாந்துக்கு அதை மட்டும் நம்பி வராதீர்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு தாய்லாந்துத் தூதரகம் என்ற வரிசையில் போவதுதான் வழக்கம். சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. எந்த முத்திரை வேண்டும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பட்டம் உண்மையானது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள். இலங்கை நண்பர்கள் இதற்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

போலீஸ் கிளியரன்ஸை பாஸ்போர்ட் சேவாவில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். மெடிக்கல் சர்டிஃபிகேட்டை இங்கே ஏதாவது ஒரு கிளினிக்கில் எடுக்கலாம். காசநோய், தொழுநோய், யானைக்கால், சிஃபிலிஸ், போதை, குடிப் பழக்கம் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதித் தரும் பட்டியலைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். எல்லோருக்கும் அதே பட்டியல்தான்.

கீழே கமென்டில் கேள்வி கேட்டிருந்த இருவருக்கு:

பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட தங்கைக்கு: விசா வேலைக்காக ஓரிரு நாள் கேட்டால் சரி, ஒப்பந்தம் முடியும்வரை என்றால் கூடாது. கொடுக்கும்போது எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டால், வேலை முடியும் நாளோடு விசா நீட்டிப்பும் முடிந்துவிடும் என்பதால், அடுத்த பள்ளியை உறுதி செய்யாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். அனுமதி முடிந்த பிறகும் தங்கிவிட்டால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்ட தம்பிக்கு: போகலாம், ஆனால் அதே விசாவில் திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் விமானம் ஏறினால் ஒரு வருட நீட்டிப்பு அப்படியே ரத்தாகிவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் அதற்குக் கவுன்டர் இருக்கிறது, இருந்தாலும் முந்தைய வாரமே இமிகிரேஷன் ஆபீஸில் வாங்கிவிடுங்கள்.