கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து: தலையில் வரி இல்லாத ஒன்றைப் பார்த்தேன்

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் நீர் வற்றிய ஓரமாகப் பதினொரு வாத்துகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரைக் கண்ணில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. வெள்ளைத் தலை. பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மேலே உள்ளது நீளம், கண்ணுக்குக் கண் ஓடும், கீழே உள்ளது சிறியது. கழுத்தோரம் இறங்கும் வெள்ளைக் கோடு. மஞ்சள் அலகு, நுனியில் மட்டும் கறுப்பு. வரித்தலை வாத்தேதான். மத்திய ஆசிய ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கு மேலும் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் குழப்பியது. பட்டையே இல்லை, உச்சந்தலையிலிருந்து பிடரி வரை ஒரே பழுப்புச் சாம்பல். தலையில் பட்டையே இல்லாத சாம்பல் நிறக் கிரேலாக் வாத்தோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, தமிழ்நாட்டில் அது அபூர்வம். நோட்டிலும் எழுதிவிட்டேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் சொன்னார்: "அது இந்த வருசக் குஞ்சு தம்பி. அந்த ரெண்டையும் விட்டு நகராது பாருங்க."

அரைமணி நேரம் பார்த்தேன். அப்படியேதான். பெரியது ஒன்று தலை தூக்கிக் காவல் நிற்க, மற்றதன் விலாவை ஒட்டியே இது மேய்ந்தது. முதல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரோடுதான் இருக்கும். காலும் அலகும் வெளிறிய மஞ்சள். இங்கே வருகிற கிரேலாக்குக்கு இரண்டுமே இளஞ்சிவப்பு, அலகும் தடிமன். முதலிலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும். நோட்டில் எழுதியதை அடித்தேன்.

வெயில் ஏறியதும் "ஆங், ஆங்" என்று மூக்கால் கத்திக்கொண்டு தண்ணீர் நடுவுக்குப் போய்விட்டன.

— — —

மறுமொழி: அண்ணா, நான் கர்நாடகத்தில் கதக் பக்கம் மாகடி ஏரியில் நூற்றுக்கணக்கில் பார்த்தேன். பகலெல்லாம் தண்ணீரில் தூக்கம், பொழுது சாய்ந்தால் வயலுக்குக் கிளம்பிவிடும். விடிந்து வரப்பில் போனால் விரல் நீளத்துக்குப் பச்சை எச்சம், பிட்டுப் பார்த்தால் உள்ளே புல் நார். இரவு எங்கே மேய்ந்தன என்று அதை வைத்தே கண்டுபிடித்தேன். கழுத்தையும் பாருங்கள். மங்கோலியாவில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கழுத்தில் எழுத்துப் பட்டை மாட்டிய பறவைகள் கர்நாடகம் வரை வந்திருக்கின்றன.

— — —

பதினொன்றின் கழுத்தையும் பார்த்தேன் தம்பி, எழுத்துப் பட்டை எதிலும் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன்.