எண்பதரை வயதுக்காரரின் இறப்பு நிகழ்தகவு: விடைத்தாளில் பிழையா?

தருமபுரி மாணவன்:
தருமபுரியில் முதுநிலைப் புள்ளியியல் படித்துக்கொண்டே ஆக்சுவரி (காப்பீட்டு இடர் கணிப்பாளர்) தேர்வுக்கும் தயாராகி வருகிறேன். பயிற்சி அட்டவணை ஒன்றில் 80 வயதில் 10,000 பேரும் 81 வயதில் 9,000 பேரும் உயிருடன் உள்ளனர். ஆண்டு முழுவதும் இறப்புகள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், முதல் அரையாண்டில் இறக்கும் நிகழ்தகவு 0.05. அப்படியானால், எண்பதரை வயதை எட்டியவர் 81-ஐத் தொடுவதற்குள் இறக்கும் நிகழ்தகவும் அதேதானே? விடைத்தாளில் 0.0526 என்றிருக்கிறது. அச்சுப்பிழையா?

காவேரிப்பட்டணத்தான்:
பிழை இல்லை, தம்பி. எங்கள் மண்டியில் 100 பெங்களூரா மாங்காய் அடுக்கிய கிரேட்டில் ஒரே இரவில் 10 காய் அழுகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குள் 5, விடிவதற்குள் இன்னொரு 5. ஆனால் நள்ளிரவில் கிரேட்டில் இருக்கும் நல்ல காய்கள் 95தான். ஆகவே இரண்டாவது ஐந்தை 95-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கிலும் 500-ஐ 9,500-ஆல் வகுத்தால் 0.0526 கிடைக்கும். சீராக இருப்பது இறப்புகளின் எண்ணிக்கையே. இறப்பு விசையோ, அதாவது அந்தந்த நொடியில் உயிருடன் இருப்போரிடையே இறப்பு நிகழும் வேகமோ, ஆண்டு முடிவை நோக்கி ஏறிக்கொண்டே போகும்.

ஓசூர் வாசகர்:
நீங்கள் எதிர்பார்த்த 0.05 பால்டுச்சி எடுகோளில் வரும்; ஆண்டு முடிவதற்குள் இறக்கும் நிகழ்தகவு ஆண்டில் எஞ்சிய காலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொள்வது அது. அதன்படி எண்பதரை வயதில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 9,474 பேர். இறப்பு விசை மாறாதது என்று கொண்டால் 9,487. சீரான பரவலில் 9,500. பால்டுச்சியில் இறப்பு விசை ஆண்டுக்குள் குறைந்துகொண்டே போவதால் முதியவர்களுக்கு அது பொருந்துவதாக நான் கருதவில்லை. கையால் கணக்குப் போட்ட காலத்தில், ஆண்டின் நடுவே சேர்ந்தவர்களையும் விலகியவர்களையும் கணக்கில் கொள்ள வசதியாக இருந்ததால் அது நிலைத்தது. பச்சிளங்குழந்தைகளின் கதை வேறு: முதலாண்டு இறப்புகளில் பெரும்பகுதி முதல் 28 நாட்களுக்குள் நேர்ந்துவிடுவதால், அங்கே சீரான பரவலை நம்பவே கூடாது.

தருமபுரி மாணவன்:
இருவருக்கும் நன்றி, ஐயா. எண்பதரையிலிருந்து எண்பத்தொன்றரை வரை என்று கேட்டால் என்ன செய்வது? 81 வயதுக்கான ஆண்டு நிகழ்தகவு 0.12 எனத் தந்திருக்கிறார்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
பிறந்தநாளில் கணக்கை வெட்டிக்கொள்ளுங்கள். எடுகோள் ஒவ்வொரு வயதுக்குள்ளும் மட்டுமே செல்லும். அடுத்த வயதுக்குள் அதை நீட்டக்கூடாது. 9,000 பேரில் அரையாண்டில் 6 விழுக்காடு, அதாவது 540 பேர் கழிய, 8,460 பேர் எஞ்சுவர். அதை 9,500-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.1095.

தருமபுரி மாணவன்:
நான் 0.10-ஐயும் 0.12-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 0.11 என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.