போர்க்கால அதிகாரம்: முடிவுத் தேதி போட்டால் அடங்குமா?

கணக்கப்பிள்ளை:
போருக்கென்று அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் போரோடு போவதில்லை. பிரான்ஸோடு சண்டைபோட பிரிட்டன் 1799ல் வருமான வரி போட்டது. 200 பவுண்டுக்கு மேல் வருமானம் என்றால் பத்தில் ஒரு பங்கு. 1816ல் எடுத்தார்கள். 1842ல் அமைதிக் காலத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. குற்றச்சாட்டு இல்லாமலே ஆளைப் பிடித்துவைக்க வழிவிடும் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல் மூன்று வருடத்துக்கு மட்டும் என்றுதான் வந்தது. 1982ல் அந்த வரம்பையே நீக்கினார்கள். போர் 2009ல் முடிந்தது. 2022ல் சட்டத்தைத் திருத்தினார்களே தவிர, தூக்கவில்லை.

மறுகரை:
வரியையும் சிறையையும் ஒரே தராசில் போடாதீங்க. போர்தான் மன்னர்களை மக்களிடம் கையேந்த வைத்தது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் 11 வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. 1640ல் ஸ்காட்லாந்துக்காரர்களோடு மோதக் கஜானாவில் காசில்லை, கூப்பிட்டார். காசு கேட்கப் போனவர் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது.

கணக்கப்பிள்ளை:
அது கேட்டு வாங்கிய காலம். 1943ல் அமெரிக்கா போர்ச் செலவுக்காகச் சம்பளத்திலேயே வரியைப் பிடிக்க ஆரம்பித்தது. கைக்கு வராத காசுக்கு யார் பேரம் பேசுவது?

சட்டப்புள்ளி:
இரண்டு பேரும் ‘போனதா, போகலையா’ என்றே நிற்கிறீங்க. எந்த விதியால் போகவில்லை என்று பாருங்க. இந்தியாவில் சீனப் போருக்காக 1962 அக்டோபர் 26 அன்று அவசரநிலை வந்தது. நவம்பரிலேயே துப்பாக்கி ஓய்ந்தது. பிரகடனம் விலகியதோ 1968 ஜனவரி 10. அடுத்து 1971ல் 13 நாள் போர், அந்தப் பிரகடனம் 1977 மார்ச் வரை ஓடியது. காரணம் சின்னது: அரசியல் சட்டத்தின் அன்றைய 352வது பிரிவுப்படி நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும், முடிவுத் தேதி கிடையாது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் தொடரும்.

1978ன் 44வது திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். வெறும் பெரும்பான்மை போதாது, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அதே. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு பேர் அவசரநிலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம். இப்போது யாரும் எதுவும் செய்யாவிட்டால் காலாவதி.

கணக்கப்பிள்ளை:
இலங்கையில் அவசரநிலையை மாதாமாதம் பாராளுமன்றத்தில் வைத்துத்தான் நீட்டினார்கள், 2011 வரை. கை தூக்கியே பழகிப்போன சபைக்கு ஆறு மாதமென்ன, ஒரு மாதமென்ன? மூன்றில் இரண்டு தடையா? அங்கே 1977 தேர்தலில் ஆட்சியைப் பிடித்த கட்சிக்கு 168ல் 140 இடம்!

மறுகரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டப்புள்ளி சொல்லட்டும்.

சட்டப்புள்ளி:
ஒத்துக்கிறேன், கெடு மட்டும் காப்பாற்றாது. அதனால்தான் அதே திருத்தம், அவசரநிலையில் உரிமைக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைக்க வழிவிடும் 359வது பிரிவில் செய்த வேலை பெரிசு என்பேன். 1976 ஆட்கொணர்வு வழக்கில், காவலில் இருப்பவர் நீதிமன்றத்தையே அணுக முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். இன்று குற்ற வழக்கில் பாதுகாப்பு தரும் 20வது பிரிவையும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21வது பிரிவையும் அவசரநிலையிலும் நிறுத்த முடியாது.

கணக்கப்பிள்ளை:
22வது பிரிவை விட்டுட்டீங்களே. உயர் நீதிமன்ற நீதிபதித் தகுதியுள்ளவர்களின் ஆலோசனைக் குழு பார்க்காமலே ஒருவரை மூன்று மாதம் தடுப்புக்காவலில் வைக்கலாம். அதை இரண்டு மாதமாகக் குறைத்ததும் உங்க 44வது திருத்தம்தான். அந்தப் பகுதிக்கு மட்டும் அமலாக்க அறிவிப்பு இன்னும் வரவில்லை.